உபரியாக நிற்கும் வேட்டை ரைஃபிள்: வைத்திருப்பதா, விற்பதா?

காட்டுவழி:

வணக்கம் நண்பர்களே. ஒரு முடிவுக்கு வரமுடியாமல் இருக்கிறேன், உங்கள் கருத்து வேண்டும்.

என்னிடம் இரண்டு வேட்டை ரைஃபிள்கள். ஒன்று .308 வின்செஸ்டர் தோட்டா போடும், கைப்பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். துருப்பிடிக்காத எஃகுக் குழல், செயற்கைக் கட்டை (தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி). மழையோ சேறோ, சீசன் முழுவதும் இதுதான் என் தோளில். இன்னொன்று .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் போடும் பழைய வின்செஸ்டர் மாடல் 70. வால்நட் கட்டை, கருநீல மெருகு. வேட்டையை நிறுத்திக்கொண்ட பெரியவர் ஒருவரிடமிருந்து முறைப்படி என் பெயருக்கு மாறி வந்தது. .308 கைக்கு வந்தபின் அது இரும்புப் பெட்டியை விட்டு வெளியே வருவதே அபூர்வம்.

விற்றுவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தடுக்கிறது. சீசன் நடுவில் .308 மக்கர் செய்தால் என்ன செய்வது? காத்திருந்து கிடைத்த வேட்டை அனுமதி ஒரு திருகு உடைந்ததால் வீணாகக் கூடாது. அப்புறம், என் மகள் அடுத்த சீசனில் என்னோடு வரவேண்டும் என்கிறாள். அவளுக்காக வைத்திருக்கலாமோ என்றும் தோன்றுகிறது.

மறுபக்கம், உரிமத்தில் ஓர் இடத்தையும் பெட்டியில் ஓர் இடத்தையும் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வகைத் தோட்டா வாங்கவேண்டியிருக்கிறது. சும்மா நிற்கும் துப்பாக்கியையும் துடைத்து எண்ணெய் போட்டுத்தான் ஆகவேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

தேக்குக்கட்டை:

விற்காதீர்கள். விற்ற பணம் எங்கே போனது என்று ஆறு மாதத்தில் தெரியாமல் போகும், அதே துப்பாக்கியைத் திரும்பத் தேடினால் கிடைக்காது. மாடல் 70 என்பது 1936இல் வந்த துப்பாக்கி. மவுசர் 98 என்ற பழைய ஜெர்மன் ரைஃபிள் பாணியில் பெரிய நகம்போன்ற எக்ஸ்ட்ராக்டர், அதாவது தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி. தோட்டா மேகசினிலிருந்து எழும்பும்போதே அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எந்தக் கோணத்தில் இருந்தாலும் தோட்டா கீழே விழாது, போல்ட்டைப் பாதி தள்ளி நிறுத்திவிட்டு மீண்டும் தள்ளினாலும் இரண்டு தோட்டாக்கள் முட்டிக்கொள்ளாது. 1964இல் செலவைக் குறைக்க அந்த அமைப்பையே மாற்றினார்கள். அதனால்தான் அதற்கு முந்தையவற்றுக்குத் தனி மதிப்பு.

முதலில் வரிசை எண்ணைப் பாருங்கள். 7 லட்சத்துக்குக் கீழே இருந்தால் அது பழைய தயாரிப்பு. அப்படியானால் இந்தக் கேள்வியையே நீங்கள் கேட்கக் கூடாது என்பேன்.

நெடும்பார்வை:

எது கெடும் என்பதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் பயமே அங்கேதான் இருக்கிறது.

நல்ல போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று காட்டில் முழுவதுமாகச் செயலிழப்பது அரிது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்தான் முதலில் போகும். கீழே விழுந்து குறி நகரும், உள்ளே ஈரம் ஏறிப் பனிபோல மூடும், ஸ்கோப்பைத் தாங்கும் வளையத் திருகு தளரும். அடுத்தது கட்டையையும், போல்ட் இயங்கும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனையும் இணைக்கும் திருகுகள். இவை தளர்ந்தால் துப்பாக்கி நன்றாக இருக்கும்போதே குண்டு எங்கெங்கோ போகும், பலர் குழல் தேய்ந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்து தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர், காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் ஸ்பிரிங். கடும் குளிரில் போல்ட்டுக்குள் இருக்கும் கெட்டியான எண்ணெய் உறைந்து, ஃபயரிங் பின் பலவீனமாக அடித்து, தோட்டா வெடிக்காமல் போவதும் உண்டு. அதற்கு மருந்து போல்ட்டைக் கழற்றிச் சுத்தமாகத் துடைப்பதுதான், இரண்டாவது துப்பாக்கி இல்லை.

ஆக, கழற்றி மாட்டும் வளையத்தில் இன்னொரு ஸ்கோப்பை உங்கள் .308இலேயே குறி சரிசெய்து எடுத்து வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மாட்டியபின் ஓரிரு தோட்டா சுட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சரியான அளவு திருப்புளிகள், ஓர் ஃபயரிங் பின், ஒரு எக்ஸ்ட்ராக்டர், குழலைத் துளாவும் கம்பி: இவை ஒரு சிறிய பையில் அடங்கும். குழலில் சேறோ பனியோ அடைத்துவிட்டால் அந்தக் கம்பி இல்லாமல் நீங்கள் சுடவே கூடாது. அடைத்த குழலில் சுட்டால் குழல் வீங்கும், அல்லது வெடிக்கும்.

குழல் தேய்மானத்துக்காக மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். .308 குழல் சில ஆயிரம் தோட்டாக்கள் தாங்கும். வேட்டைக்கு மட்டும் சுடுபவர் அதைத் தேய்ப்பதற்குள் வயதாகிவிடும்.

இப்போது ஒரு கேள்வி. இன்று இரவு உங்கள் .308 உடைந்தால், நாளைக் காலை அந்த மாடல் 70ஐ எடுத்துக்கொண்டு போய் நம்பிக்கையோடு ஒரு மானைச் சுடுவீர்களா? குறி சரியாக இருக்கிறதா, எந்தத் தோட்டாவுக்கு? உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.

காட்டுவழி:

நெடும்பார்வை அண்ணா, சுடமாட்டேன். அதில் இருக்கும் ஸ்கோப் எப்போதும் 4 மடங்கு மட்டும் பெரிதாக்கிக் காட்டும் பழைய வகை. கடைசியாக எந்தத் தோட்டாவுக்குக் குறி வைத்தேனோ அந்த வகை இப்போது கையில் இல்லை. மரக்கட்டை வேறு, மழைக்காலத்தில் ஊதி குழலைத் தொடுகிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

தேக்குக்கட்டை ஐயா, வரிசை எண் 7 லட்சத்துக்குக் கீழேதான். ஆனால் முந்தைய உரிமையாளர் கட்டையின் பின்பக்கத்தை அறுத்து ரப்பர் பட்டை பொருத்தியிருக்கிறார். கட்டையைத் தேய்த்து மறுபடி மெருகும் போட்டிருக்கிறார். ஆக்‌ஷனின் மேல் ஸ்கோப்பைத் தாங்கும் ஒரு பக்கவாட்டு மவுண்ட்டுக்காக இரண்டு துளைகளும் இருக்கின்றன.

தேக்குக்கட்டை:

அறுத்த கட்டை, புது மெருகு, கூடுதல் துளை மூன்றும் இருந்தால் சேகரிப்பாளர் கண்ணில் அது விழாது. அவர்கள் தேடுவது தொழிற்சாலையை விட்டு வந்த நிலை. தேய்ந்துபோன பழைய மெருகுக்குக் கொடுக்கும் மதிப்பைப் பளபளக்கும் புது மெருகுக்குக் கொடுக்கமாட்டார்கள். இது வேட்டைக்காரரின் துப்பாக்கி, அலமாரிக்கானது இல்லை. எனக்கு வருத்தம்தான், ஆனால் முதலில் சொன்ன வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

இருந்தாலும் எதையும் இனிமேல் மாற்றாதீர்கள். கழற்றிய பழைய பாகங்கள் எங்காவது கிடந்தால் ஒரு பையில் போட்டு வையுங்கள். பழைய இரும்புப் பின்தகடு இருந்தால்கூட வாங்குபவர் மகிழ்வார்.

எண்ணெய்த்துணி:

யாரும் தொடாத ஒரு விஷயம். .308உம் .30-06உம் ஒரே மேசையில் இருப்பது ஆபத்து.

இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான், 7.82 மில்லிமீட்டர். குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் கூட்டின் நீளம்தான் வேறு. .308இல் 51 மில்லிமீட்டர், .30-06இல் 63. நீளமான தோட்டா, குழலில் தோட்டா உட்காரும் குட்டையான அறைக்குள் போகாது, போல்ட் மூடாது, அதனால் அந்தப் பக்கம் பயமில்லை. ஆனால் .308 தோட்டா .30-06 அறைக்குள் நுழைந்துவிடும். எக்ஸ்ட்ராக்டர் அதைப் பிடித்து வைத்திருந்தால் வெடிக்கவும் செய்யும். கூட்டின் தோளுக்கு, அதாவது வாய்ப்பக்கம் குறுகும் சரிவுக்கு, தாங்கலே இல்லாததால் அது முன்னால் ஊதும், பிளக்கும், சூடான வாயு எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வரும். கண்ணாடி போடாதவர் முகத்துக்கு அது நல்லதில்லை. மங்கிய வெளிச்சத்தில், கைகள் விறைத்த நேரத்தில், ஒரே பையிலிருந்து தோட்டா எடுக்கும்போது இது நடக்கும். இரண்டையும் வைத்திருப்பதானால் ஒரே நாளில் இரண்டையும் வெளியே கொண்டுபோகாதீர்கள், தோட்டாப் பெட்டிகளின் நிறத்தையே வேறாக வையுங்கள்.

சும்மா நிற்கும் துப்பாக்கியின் பராமரிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், வைத்திருக்க முடிவு செய்தால் உதவும். தோல் உறையிலோ நுரைப்பஞ்சு உறையிலோ போட்டு மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. இரண்டுமே ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோல் பதனிடும் உப்பு எஃகை அரிக்கும். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துங்கள். எண்ணெயை ஊற்றவேண்டாம். அதிகப்படியான எண்ணெய் பின்னோக்கி வடிந்து கட்டையின் மரத்துக்குள் இறங்கி, ஆக்‌ஷன் உட்காரும் இடத்தை நெகிழச் செய்யும். பழைய துப்பாக்கிகளில் திருகு இறுகாமல் போவதற்கு இதுவும் காரணம். குழல்வாய் கீழே பார்க்க வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வெளியே எடுக்கும் முன் குழலுக்குள் இருக்கும் எண்ணெயைத் துணியால் இழுத்துத் துடைத்துவிட வேண்டும்.

உபரித் துப்பாக்கியில்தான் துரு வரும், தினமும் தொடுவதில் வராது. கண்ணில் படாததைத்தான் மறந்துவிடுகிறோம்.

இளவேட்டை:

மகளுக்காக வைத்திருப்பது பற்றி மட்டும் என் கருத்து. தயவுசெய்து .30-06இல் தொடங்கவேண்டாம்.

எடை ஒரேமாதிரி இருக்கும் துப்பாக்கிகளில் .243 வின்செஸ்டரின் உதை .30-06இல் 11.7 கிராம் குண்டு போட்டுச் சுடும்போது வரும் உதையில் ஏறத்தாழ பாதிதான். முதல் சில தடவை தோள் வலித்துவிட்டால், விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடி உடம்பைச் சுருக்கும் பழக்கம் வந்துவிடும். அதை அழிக்க அதற்குப் பிறகு நீண்ட காலம் பிடிக்கும். நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், இதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தால் காயப்பட்டுத் தப்பி ஓடும் விலங்குதான் அதற்கு விலை கொடுக்கிறது, அது எனக்குப் பொறுக்காத விஷயம்.

இன்னொன்று, கட்டையின் நீளம். விசையிலிருந்து தோள்பட்டை வரையிலான தூரம் பெரிய ஆளுக்கு ஏற்றபடி இருந்தால், அவள் தலையைப் பின்னால் இழுத்து ஸ்கோப்பைத் தேடுவாள். உதை தோளில் விழாமல் கையின் மேல் விழும். ஏற்கெனவே அறுத்த கட்டையை இன்னும் அறுக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

என் வழி: முதலில் .22 லாங் ரைஃபிள். 1887இல் வந்த தோட்டா, இன்றுவரை பயிற்சிக்கு அதைவிடச் சிறந்தது வரவில்லை. உதை இல்லை, சத்தம் குறைவு, தோட்டாவும் மலிவு. நிறையச் சுடலாம், விசை இழுப்பு, மூச்சு, போல்ட் இயக்கம் எல்லாம் அதிலேயே கையில் படிந்துவிடும். அதற்கு அடுத்த படி .243 அல்லது 7மி.மீ-08 ரெமிங்டன். இரண்டும் .308இன் கூட்டை வாய்ப்பக்கம் சுருக்கிச் செய்தவை. முந்தையது 1955இல் வந்தது, பிந்தையது 1980இல். 7மி.மீ-08 மானுக்குத் தாராளமாகப் போதும், தோளும் தாங்கும். .243ஐ எடுத்தால் குண்டைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். சில இடங்களில் பெரிய மான்களுக்கு அந்த அளவை அனுமதிப்பதில்லை, முதலில் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெல்லவிசை:

எல்லோரும் விற்பதன் பக்கம் சாய்வதைப் பார்க்கிறேன், அதனால் மறுபக்கத்தை அழுத்திச் சொல்கிறேன்.

நான் நெடுந்தூரம் பயணித்து வேட்டைக்குப் போகிறவன். கூடாரத்திலிருந்து அருகிலுள்ள துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போகவே ஒரு நாள் ஆகும். ஸ்கோப் கெட்டால் சரிசெய்யலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குதிரையிலிருந்து விழுந்து கட்டை கைப்பிடியில் முறிந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அதைத் திருப்புளியால் சரிசெய்ய முடியாது. அன்று கூடாரத்தில் இருந்த இரண்டாவது துப்பாக்கியால்தான் அந்த மனிதர் வேட்டையைத் தொடர்ந்தார். உங்கள் வேட்டை வீட்டிலிருந்து போய்த் திரும்பும் தூரம் என்றால் வேறு கதை. தொலைவுக்குப் போகிறவர் என்றால் இரண்டாவது துப்பாக்கி கட்டாயம்.

ஆனால் அது எந்தத் துப்பாக்கியாக இருக்கவேண்டும் என்பதில் எண்ணெய்த்துணி சொன்னதை ஏற்கிறேன். என் இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே தோட்டா, பாதுகாப்புப் பொத்தான் ஒரே இடத்தில். இருட்டில் கை தானாகப் போய்விடும்.

காட்டுவழி:

மெல்லவிசை நண்பரே, என் வேட்டை எல்லாம் காரில் போய் அன்றிரவே திரும்பும் தூரம்தான்.

ஒரு சந்தேகம். .30-06 பலம் அதிகம், பெரிய விலங்குக்கு என்றாவது தேவைப்படும் என்ற எண்ணமும் எனக்குள் இருக்கிறது. அது சரியா?

நெடும்பார்வை:

வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. அதே 11.7 கிராம் குண்டை .30-06 தொழிற்சாலைத் தோட்டா விநாடிக்கு சுமார் 820 மீட்டர் வேகத்தில் அனுப்பும், .308 சுமார் 800. .308 வந்ததே 1952இல், புதிய வெடிமருந்துகள் குறைந்த இடத்தில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் என்று தெரிந்தபிறகு. மிகக் கனமான குண்டுகளில்தான் .30-06 கொஞ்சம் விலகி முன்னே நிற்கும். நீங்கள் வேட்டையாடும் விலங்குகளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. குண்டு எங்கே பட்டது என்பதுதான் முக்கியம்.

அதாவது உங்களிடம் இருப்பவை ஒரே வேலையைச் செய்யும் இரண்டு துப்பாக்கிகள், தோட்டா மட்டும் வேறு. ஒன்றின் தோட்டா தீர்ந்தால் மற்றொன்றின் தோட்டா உதவாது, ஒன்று செய்ய முடியாததை மற்றொன்று செய்யவும் செய்யாது. உபரியாக வைத்திருப்பதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஜோடி அமைவது கடினம். இது மாடல் 70இன் குறை இல்லை, அருமையான துப்பாக்கி. அதை முதன்மையாக வைத்துக்கொண்டு .308ஐ விற்றாலும் நான் தலையாட்டுவேன். அதுவும் ஒரு நேர்மையான முடிவுதான், யோசித்துப் பாருங்கள்.

பதிவேடு:

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் காகித வேலையை முதலில் பாருங்கள்.

விதிகள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகக் கைமாற்றுவது எங்குமே பாதுகாப்பான பாதை. வாங்குபவரின் உரிமத்தைச் சரிபார்ப்பது, பதிவேட்டில் ஏற்றுவது, உங்கள் பெயரிலிருந்து இறக்குவது எல்லாம் அவர் கையில் நடக்கும். பெயர் மாறிய ஆதாரத்தின் நகலை எப்போதும் வைத்திருங்கள். நண்பருக்குக் கொடுத்தாலும், உறவினருக்குக் கொடுத்தாலும் இதே வழிதான். "கொஞ்ச நாள் வைத்துக்கொள்" என்று இரவல் கொடுப்பது பல இடங்களில் குற்றம், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது முக்கியமாக.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு, யாரும் பேச விரும்பாதது. துப்பாக்கி வைத்திருப்பவர் இறந்துவிட்டால் குடும்பத்தில் உரிமம் இல்லாதவர் கையில் அது திடீரென்று வந்து நிற்கும். துக்க வீட்டில் அவர்கள் சட்டத்தைத் தேடி அலையவேண்டும். அவசரத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். யாருக்குப் போகவேண்டும் என்பதை உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள், இல்லையென்றால் நீங்களே மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

விற்கும் முன் தயாரிப்பாளர் திரும்ப அழைத்த பாகம் ஏதாவது அதில் உள்ளதா என்றும் பாருங்கள். 2014இல் ரெமிங்டன் தன் மாடல் 700, மாடல் செவன் இரண்டிலும் எக்ஸ்-மார்க் ப்ரோ விசை உள்ளவற்றைத் திரும்ப அழைத்தது. விசையைத் தொடாமலே வெடிக்கும் சாத்தியம் அதற்குக் காரணம். உங்களுடையது வேறு தயாரிப்பு என்றாலும், யாராவது விசையை மாற்றிப் பொருத்தியிருந்தால் அது எது என்று தெரிந்துகொண்டு விற்பது உங்கள் கடமை.

காட்டுவழி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்த மாடல் 70ஐ எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். .308ஐ விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளலாமா என்று நிஜமாகவே யோசித்தேன், நெடும்பார்வை அண்ணா. நான் போகும் இடங்களில் ஈரம் அதிகம். மரக்கட்டையை அங்கே இழுத்துக்கொண்டு அலைய மனம் வரவில்லை.

விற்கிறேன். உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான். சேகரிப்பவருக்கு இல்லை, அதைக் கொண்டு வேட்டைக்குப் போகிறவருக்கு. வரும் பணத்தில் முதலில் .308க்கு இரண்டாவது ஸ்கோப்பும் கழற்றி மாட்டும் வளையமும். உரிமத்தில் காலியாகும் இடத்தில் மகளுக்காக ஒரு .22. அவள் அதில் நிதானமாகச் சுடப் பழகியபிறகு 7மி.மீ-08 பற்றிப் பேசிக்கொள்கிறோம், அவசரம் இல்லை.

இரண்டு கேள்விகள் மட்டும் பாக்கி. பழைய 4 மடங்கு ஸ்கோப்போடு சேர்த்து விற்பதா, தனியாகவா? விற்கும் முன் நான் ஏதாவது பழுதுபார்க்க வேண்டுமா?

தேக்குக்கட்டை:

மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் நல்ல முடிவு. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து போல்ட் மூடியபின் தோட்டாவுக்கு இருக்கும் இடத்தை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் அளவுகோல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், குழல்வாயின் விளிம்பில் அடிபட்ட தடம் இருக்கிறதா என்றும். அவர் எழுதிக் கொடுப்பதை வாங்குபவரிடம் காட்டுங்கள். மெருகு போடவோ, துளைகளை அடைக்கவோ வேண்டாம். அறுத்த கட்டையையும் துளைகளையும் விளம்பரத்தில் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், படத்திலும் காட்டுங்கள். மறைத்து விற்ற துப்பாக்கி திரும்பி வரும், கூடவே சண்டையும் வரும்.

நெடும்பார்வை:

நல்ல ஸ்கோப் என்றால் தனியாக விற்பது லாபம், துப்பாக்கியோடு சேர்ந்தால் அதன் மதிப்பை யாரும் முழுதாகத் தரமாட்டார்கள். உங்களுடையது பழைய 4 மடங்கு, அதைத் துப்பாக்கியோடே விடுங்கள். வாங்குபவர் அன்றே சுட்டுப் பார்க்கலாம், கழற்றி மாட்டும் வேலையும் இல்லை. மீதியிருக்கும் .30-06 தோட்டாக்களையும் விதி அனுமதித்தால் அதே வியாபாரி வழியாக அவருக்கே கொடுத்துவிடுங்கள், வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவேண்டாம். விளம்பரத்தைச் சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் போடுங்கள். முடிந்தபிறகு போட்டால் வாங்குபவர்கள் குறைவு, வருபவர்களும் பேரம் பேசவே வருவார்கள்.

மெல்லவிசை:

தோட்டா வகையை விளம்பரத்தில் மறக்காமல் எழுதுங்கள் நண்பரே. மாடல் 70 பல அளவுகளில் வந்தது. வாங்க வருபவர் .270 என்று நினைத்துக்கொண்டு வந்து நிற்கக் கூடாது. குழலின் மேல் பொறித்த எழுத்தைத் தெளிவாகப் படம் எடுத்துப் போட்டுவிட்டால் கேள்வியே வராது.